அத்தையின் ஜெபம் எந்த விலாசத்துக்குப் போனது?

எங்கள் அத்தைக்கு 86 வயது. கடைசி நாலைந்து மாதம் படுக்கைதான். இடுப்பு எலும்பு முறிந்து, திரும்பிப் படுக்கவும் முடியாமல், ராத்திரியெல்லாம் "கடவுளே, கடவுளே" என்று முனகிக்கொண்டிருப்பார்கள். அதுதான் அவர்கள் ஜெபம். நீளமாக ஜெபிக்க மூச்சு கிடையாது.

ஒரு நாள் சாயங்காலம் பக்கத்து ஊர் ஜெபக்கூட்டத்திலிருந்து ஒரு வாலிபப் பிரசங்கியார் வந்தார். நோயாளிகளை வீடுவீடாகப் போய்ப் பார்க்கிறவர். நல்ல மனசுக்காரர், அதில் சந்தேகமில்லை. அத்தை முனகுவதைக் கேட்டுவிட்டு, "பாட்டி, கடவுள்னு சொல்லாதீங்க. அது விக்கிரகம் கும்பிடுறவங்க வார்த்தை. ஜீவனுள்ள தேவனேன்னு கூப்பிடுங்க, அப்பதான் பதில் வரும்" என்றார். ஜெபித்தார், காபி குடித்தார், போய்விட்டார்.

அன்று ராத்திரி அத்தை என்னைக் கூப்பிட்டார்கள். "ஏய்யா, இத்தன வருசமா நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்டிருக்காதோ?"

நான் என்னென்னவோ சமாதானம் சொன்னேன். ஆனால் அதற்குப் பிறகு வலி வந்தால் "கட..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொள்வார்கள். மூன்று வாரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். ஆகவே இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தம்பி ஒருவர் மட்டும் சொல்வதல்ல இது. நம் ஜில்லாவில் பல பிரசங்க மேடைகளில் கேட்டிருக்கிறேன். 'தேவன்' வேதாகம வார்த்தையாம், 'கடவுள்' புறஜாதியார் வார்த்தையாம். 1995-ல் கத்தோலிக்கரும் நம்மவர்களும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பில் 'கடவுள்' என்று போட்டதற்காகவே அதைத் தொடமாட்டேன் என்கிறவர்களும் உண்டு.

சரி, கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 1578-ல் கொல்லத்தில் அச்சான முதல் தமிழ்ப் புத்தகத்தின் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த அன்றிக் அடிகளாரின் வேலை அது. அவருக்குக் கர்த்தர் 'தம்பிரான்'. அந்தச் சொல் இன்றைக்கும் சைவ மடங்களில் புழங்குகிறது. 1715-ல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது 'சருவேசுரன்' என்றார். அதற்குள்ளே ஈசுரன் உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள். அடுத்து வந்த பப்ரிசியுஸ் ஐயர் 'பராபரன்' என்று மாற்றினார். தாயுமானவர் பராபரக்கண்ணி பாடியது யாரை நோக்கி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் 1871-ல் பவர் ஐயர் தலைமையில் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்புதான் 'தேவன்' என்பதை நம் வீடுகளில் நிலைநாட்டியது. ஆக இந்தப் புனிதச் சொல்லுக்கு நம்மிடையே சுமார் 150 வருஷ வயது. நாலு பேரும் நாலு வார்த்தை எடுத்தார்கள், நாலையும் பக்கத்து வீட்டில் கேட்டுத்தான் வாங்கினார்கள். வேறு எங்கே போவார்கள்? தமிழ் அங்கேதானே இருந்தது!

நம் திருநெல்வேலியில் 1774-ல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார், பாளையங்கோட்டை ரேனியஸ் ஐயர் வேதத்தைத் திருத்த ஆரம்பித்தபோது எப்படிக் கொதித்தார் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். காதுக்குப் பழகிய வார்த்தை போகிறதே என்ற வருத்தம். அந்த வருத்தம் எனக்கும் புரியும். 'ஆண்டவர்' என்று வாசிக்கும் இடத்தில் 'கர்த்தர்' என்று எனக்கும் வாய் போகிறது. ஆனால் பழக்கத்தைப் பழக்கம் என்று சொல்லுங்கள். அதைச் சத்தியம் என்று சொல்லி, சாகக் கிடக்கிற கிழவியைப் பயமுறுத்தாதீர்கள்.

இன்னொன்று. ஐக்கிய மொழிபெயர்ப்பில் பத்துக் கட்டளையைத் திறந்து முதல் கட்டளையைப் பாருங்கள். வேறே யாரை வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது? 'தேவர்கள்'! மெய்யானவருக்கும் பொய்யானவர்களுக்கும் ஒரே சொல், ஒருமை பன்மைதான் வித்தியாசம். எபிரெயுவில் 'ஏலோகிம்' என்பதும் அப்படித்தான், இரண்டு பக்கத்துக்கும் பொது. கிரேக்கர் சேயுஸைச் சொன்ன அதே 'தெயோஸ்' என்ற சொல்லைத்தான் பவுல் அத்தேனே பட்டணத்து மேடையில் எடுத்தார். அரபு பேசும் கிறிஸ்தவர்கள் இன்றைக்கும் 'அல்லா' என்றுதான் ஜெபிக்கிறார்கள். சுத்தமான வார்த்தையைத் தேடினால், உலகத்தில் எந்த பாஷையிலும் ஜெபம் பண்ண முடியாது. (நம் ஜில்லாவில் 'தேவர்' என்றால் முதலில் என்ன நினைவுக்கு வரும் என்பதை விட்டுவிடுகிறேன்.)

அந்தத் தம்பியிடம் நான் பின்பு இதைச் சொன்னேன். அவர் மடக்கினார். "ஐயா, அவருடைய நாமத்தினாலேயன்றி இரட்சிப்பு இல்லையே. பெயர் முக்கியமில்லையா?" நல்ல கேள்வி, தட்டிவிடக் கூடாது. ஆனால் அந்த நாமத்தையே பாருங்கள். எபிரெயுவில் யெசுவா, கிரேக்கில் ஈசூஸ், நமக்கு இயேசு. தூத்துக்குடிக் கரையில் பழைய கத்தோலிக்கர் 'சேசுவே' என்று அழுதுதான் கட்டுமரம் ஏறினார்கள். அவர்களுக்கு இரட்சிப்பு இல்லை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் உண்டு? நாமம் என்றால் எழுத்துக்கூட்டு அல்ல, ஆள்.

எங்கள் ஊர் பாய் நெசவைப் பாருங்கள். தாமிரபரணிக் கரையில் வளரும் கோரை, யாருக்கென்று வளர்கிறதில்லை. அறுத்து, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, நார் நாராகக் கிழித்து, பஞ்சு நூல் பாவில் கொடுத்து நெய்கிறார்கள். நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் வீட்டுப் பெண்கள். அந்தப் பாய் இந்துக் கல்யாணத்துக்கும் போகும், எங்கள் கல்யாணத்துக்கும் வரும். யார் கோரை என்று கேட்டு யாரும் பாயைச் சுருட்டி வைத்ததில்லை.

எனக்கு உறுத்துகிற இடம் வேறு. திருச்சபை கடவுளைப் பற்றி என்ன சொல்லிக்கொடுத்தது? சர்வஞானி என்று. நாம் கேட்கும் முன்னமே நமக்குத் தேவையானதை அறிகிறவர் என்று மலைப்பிரசங்கம். சொல்ல வார்த்தை இல்லாத பெருமூச்சோடு ஆவியானவரே நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் எட்டாம் அதிகாரம். அத்தையிடம் இருந்தது அந்தப் பெருமூச்சு மட்டும்தான். அப்படிப்பட்டவர், ஒரு சொல் மாறிப்போனதால் காதைப் பொத்திக்கொள்வார் என்றால் அவர் யார்? விண்ணப்பத்தில் ஒரு கட்டம் நிரப்பவில்லை என்று திருப்பி அனுப்பும் தாலுகா ஆபீஸ் கிளார்க்கா? 'கடவுள்' என்ற சொல் கடவுளைச் சின்னதாக்கவில்லை. அந்தப் போதனைதான் ஆக்குகிறது.

நான் 34 வருஷம் தபால் இலாகாவில் வேலை பார்த்தவன். 'பத்தமடை, கோரைப்பாய்க்கார அம்மாவுக்கு' என்று மட்டும் எழுதி பம்பாயிலிருந்து கடிதம் வரும். பத்தமடையில் கோரைப்பாய்க்கார அம்மா எத்தனை பேர்! தபால்காரர் நாலு தெரு சுற்றி, கையெழுத்தைக் காட்டி, யார் மகன் பம்பாயில் இருக்கிறான் என்று விசாரித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். மாதச் சம்பளத்துக்கு வேலை செய்த எங்களுக்கே அது முடிந்தது.

இதையெல்லாம் அத்தையிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது வாயில் வரவில்லை. கடைசி ராத்திரி அவர்கள் 'கடவுளே' என்றும் சொல்லவில்லை, 'தேவனே' என்றும் சொல்லவில்லை. "அப்பா, அப்பா" என்றார்கள். கெத்செமனேயில் இயேசு கூப்பிட்ட அரமேயச் சொல்லும் 'அப்பா'தான். மாற்கு அந்தச் சொல்லை அப்படியே வைத்திருக்கிறார்.

கல்லறைக்குக் கல் வெட்டக் கொடுத்திருக்கிறேன். 'கடவுளின் மடியில்' என்று எழுதச் சொன்னேன். சபையில் இரண்டொருவர் முகம் சுளித்தார்கள். கல் வெட்டுகிறவர் சேரன்மகாதேவிக்காரர், அடுத்த வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.