கணிப்பொறியின் பிழைச் செய்திகள் யாருக்காக?

அச்சுப்பொறி, எண்ணியல் காமிரா, மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவி முதலியவற்றுக்கும் கணிப்பொறியின் இயக்க முறைமைக்கும் இடையே நின்று பேச்சு நடத்துவது, டிரைவர் என்று வழக்கில் சொல்லப்பெறும் சாதன இயக்கி நிரலாகும். சாதனம் நல்ல நிலையில் உள்ளவரை இந்நிரலைப் பற்றி நாம் நினைப்பதேயில்லை. பழுது நேரும்பொழுது அது பதிவேட்டில் ஒரு வரி எழுதுகிறது. அவ்வரி எழுதிய நிரலாளருக்குப் புரிகிறது. படிக்க வேண்டியவருக்குப் புரிவதில்லை. இக்குறை சிறிதன்று; நீக்குவதற்கு அரியதும் அன்று.

ஹுன்சூர் அல்லது நஞ்சன்கூடு தாலுகாவில் ஒரு பள்ளியில், லினக்ஸ் இயங்கும் கணிப்பொறியில் ஆசிரியர் ஒருவர் பென் டிரைவைச் செருகுகிறார் என்று கொள்வோம். திரையில் ஒன்றும் தோன்றவில்லை. பதிவேட்டைத் திறந்தால், சாதனத்தின் விவரக்குறிப்பைப் படிக்கையில் ‘எர்ரர் -71’ என்று காணப்படுகிறது. 71 என்பது நெறிமுறைப் பிழை. அதாவது, சாதனத்திடமிருந்து வந்த மின்குறிகள் யு.எஸ்.பி. விதிகளின்படி அமையவில்லை. தளர்ந்த செருகுவாய், பழுதுற்ற கம்பி, போதாத மின்சாரம் ஆகியவற்றுள் ஒன்றே பெரும்பாலும் இதற்குக் காரணம். வேறொரு துளையில் செருகினாலே பல சமயம் காரியம் நடந்துவிடும். ஆயின் அந்த எண் இவற்றுள் எதனையும் சொல்லவில்லை. பென் டிரைவ் கெட்டுவிட்டது என்று ஆசிரியர் அதனை எறிந்துவிட்டால், உள்ளிருந்த மதிப்பெண் பட்டியலும் உடன் போகிறது. வயலில் அளவுகோற் கருவியை மடிக்கணினியுடன் இணைக்கும் களப்பணியாளருக்கும் இதே நிலைதான். -110 என்பது உரிய காலத்துக்குள் மறுமொழி வரவில்லை என்பதையும், -19 என்பது அப்படியொரு சாதனமே இல்லை என்பதையும் குறிக்கும் என்று அவருக்கு யார் சொல்வார்? விண்டோஸ் மட்டும் மேம்பட்டதன்று. அதன் ‘கோட் 43’, சாதனம் கோளாறுகளைத் தெரிவித்தமையால் அதனை நிறுத்திவிட்டதாகக் கூறுகிறது. என்ன கோளாறு என்று மட்டும் கூறுவதில்லை.

இதற்கு நேர்மாறான குற்றமும் உண்டு. வீணாகக் கூச்சலிடுவது அது. காகிதம் தீர்ந்துவிட்டது என்றோ, இணைப்பில் இல்லை என்றோ தெரிவிக்காமல் அச்சுப்பொறி பிழைக்குறியை மட்டும் எழுப்பினால், லினக்ஸின் அச்சுப்பொறி இயக்கி ‘தீப்பற்றியுள்ளது’ என்று எழுதும். இது நிரலாளர்களின் வேடிக்கை. வேடிக்கையல்லாதது பிறிதொன்று: சில வைஃபை இயக்கிகள் தமக்குரிய உள்நிரற் கோப்பின் புதிய பதிப்பை முதலில் தேடி, கிட்டாவிடில் பழையதை நாடும். முதல் தேடல் தோற்றதும் ‘எர்ரர் -2’ என்று பதிவாகும். அடுத்த நொடியில் வைஃபை நன்றாக இயங்கும். ஆயினும் பதிவேட்டில் பிழை நிற்கும். இத்தகைய வரிகளைப் பலமுறை கண்டவர், மெய்யான எச்சரிக்கை வரும் நாளில் அதனையும் கடந்து போவார். லினக்ஸில் செய்திகளின் கடுமையைக் குறிக்க 0 முதல் 7 வரை எட்டுப் படிகள் உள்ளன. அவற்றை ஒழுங்காகக் கையாண்டாலே பாதித் தொல்லை நீங்கும் என்பது எம் கருத்து.

நற்பணிகள் நடைபெறாமல் இல்லை. எண்ணுக்குப் பதிலாகப் பிழையின் குறியீட்டுப் பெயரையே அச்சிடும் வசதி, 2020 ஜனவரியில் வெளிவந்த 5.5 பதிப்பில் சேர்ந்தது. அதே ஆண்டில், வேறொரு சாதனம் ஆயத்தமாகும்வரை காத்திருக்கும் இயக்கி அதனைப் பிழையென்று அறிவியாமல் அடக்கி வைக்கும் துணைநிரலும் வந்தது. ஆயினும் பெயர் வேறு, விளக்கம் வேறு. 1964-இல் அறிவிக்கப்பெற்ற ஐ.பி.எம். 360 வரிசைக் கணிப்பொறிகளின் கையேடுகளில், செய்திகள் அடையாளக் குறிகளின் வரிசையில் தொகுக்கப்பெற்று, பொருள் என்ன, பொறி என்ன செய்தது, இயக்குபவர் என்ன செய்ய வேண்டும் என்பன விளக்கப்பெற்றிருந்தன. அக்கடைசிப் பகுதியே இன்று பெரிதும் காணாமற்போனது. எந்தச் சாதனம், எதனை முயன்றபொழுது, என்ன நேர்ந்தது, அடுத்து எதனைச் சோதிக்கலாம் என்று கூற இரண்டு வரி போதும். சிறு கருவிகளில் நினைவகம் குறைவு என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் அது பள்ளிக் கணிப்பொறிக்குப் பொருந்தாது.

இனி, இச்செய்திகளைத் தமிழிலும் கன்னடத்திலும் மொழிபெயர்த்துவிடலாமே என்று அன்பர்கள் கேட்பதுண்டு. நாம் இதற்கு உடன்படவில்லை. மூலச் செய்தியின் சொற்கள் மாறினால், அதே பழுதை உலகின் வேறு மூலையில் கண்டு தீர்த்தவரின் குறிப்பைத் தேடிக் காண இயலாது. செய்தியை அப்படியே விட்டு, எண்ணின் வரிசையில் தாய்மொழி விளக்கக் கையேடு ஒன்று அமைப்பதே தக்கது. அதற்கு மைசூரு பொருத்தமான இடம். 1969-இல் நிறுவப்பெற்ற இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் மானசகங்கோத்ரியில் இருக்கிறது. தென்மாநில ஆசிரியர்களைப் பயிற்றும் மண்டலக் கல்வி நிறுவனம் 1963 முதல் இந்நகரில் பணியாற்றி வருகிறது. மொழியறிஞர் சொல்லைத் திருத்துவர். எச்சொல் வகுப்பறையில் செல்லும் என்பதை ஆசிரியர் சொல்வர். 1946-இல் தோன்றிய தேசியப் பொறியியல் நிறுவனம் போன்ற இந்நகரக் கல்லூரிகளின் மாணவர்களுக்கு மற்றொரு வேலையும் உண்டு. லினக்ஸின் மூலநிரல் எவரும் படிக்கத் திறந்துள்ளது. தெளிவற்ற ஒரு செய்தியைத் திருத்தி, அவ்வியக்கியைப் பராமரிப்பவருக்குக் காரணத்துடன் அனுப்புவது மூன்றாம் ஆண்டு மாணவருக்கும் இயல்வதே.

கையேட்டை ஒரேயடியாக முடிக்க வேண்டியதில்லை. -2, -5, -19, -71, -110 ஆகிய ஐந்து எண்களுடன் தொடங்கலாம். களப்பணியாளர்கள் தாம் கண்ட வரியைச் சுருக்காமல், சாதனத்தின் பெயர், தேதி, இறுதியில் எதனால் பழுது தீர்ந்தது என்பவற்றுடன் குறித்து வைப்பார்களாயின், ஆறாவது எண் எதுவாக இருக்க வேண்டும் என்பதை அக்குறிப்புகளே காட்டும்.