தண்ணீர்க் குடத்தை யார் தூக்குவது?

பிள்ளைப்பேற்றின் பின் கருப்பை இறங்கும் நோயைப் பற்றி ஒரு குருவானவர் எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எழுதக் கடமைப்பட்டுள்ளோம் என்றே நாம் கருதுகின்றோம். ஏனெனில், பல வருடங்களாகப் பெண்களைப் பார்த்துப் "பொறுமையாய் இருங்கள்" என்று பிரசங்கித்தவர்கள் நாமே. வாயைத் திறக்காமல் இருங்கள் என்பதே அதன் பொருள் என எமது தாய்மார் பலர் விளங்கிக் கொண்டனர்.

"கீழே ஏதோ தட்டுப்படுகுது, பின்னேரமானால் அடி கனக்குது." இதைச் சொல்லச் சில தாய்மாருக்குப் பத்து வருடம் செல்கின்றது. கணவனிடம் சொல்ல வெட்கம். மாமியாரிடம் சொல்லப் பயம். வைத்தியரிடம் போனாலோ, அங்கும் தலையிடி, நாரிநோ என்று சொல்லித் திரும்பி விடுகின்றனர்.

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கருப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகியவற்றை இடுப்பின் அடியிலுள்ள தசைகளும் நார்களும் தாங்கி நிற்கின்றன. பிள்ளைப்பேற்றின்போது இவை மிகவும் இழுபடுகின்றன. சாக்குக் கட்டிலின் சாக்குத் தொய்ந்தால் மேலே கிடப்பது கீழே தாழுமல்லவா? அப்படித்தான் இதுவும். தொய்ந்த தசைகள் மீண்டும் இறுகப் பல கிழமைகள், சிலருக்குப் பல மாதங்கள் வேண்டும். அதற்கு முன் பாரம் தூக்கினாலும், மலச்சிக்கலால் முக்கினாலும், நாட்பட்ட இருமல் இருந்தாலும் இறக்கம் கூடும்.

எமது முன்னோர் பிள்ளை பெற்றவளை 31 நாள் துடக்கு என்று ஒதுக்கி வைத்தனர். துடக்கு என்ற எண்ணத்தை நாம் ஏற்பதில்லை. ஆனால் அந்த நாட்களில் அவள் கிணற்றடிக்குப் போகாமல் படுத்திருந்தாள் என்பது பெரும் நன்மை. இடப்பெயர்வு அந்த ஓய்வையும் பறித்தது. 1995இல் வலிகாமத்தை விட்டு நடந்தபோதும், 2009இல் வன்னியிலிருந்து முகாம்களுக்குச் சென்றபோதும் பச்சை உடம்புக்காரிகளும் பிள்ளையைச் சுமந்துகொண்டு நடந்தார்கள். சொந்தக் காணியை இழந்து, தூரத்துக் கிணற்றையும் கூலி வேலையையும் நம்பி வாழும் வீடுகளில் அந்த ஓய்வு இன்னும் திரும்பவில்லை.

தாய்மார் செய்யக்கூடியவை சில உண்டு. முதல் 6 கிழமைக்குப் பிள்ளையை விடப் பாரமான எதையும் தூக்காதீர்கள். 20 லீற்றர் கானில் தண்ணீர் மட்டும் 20 கிலோ என்பதை நினைவிற் கொள்ளுங்கள். படுக்கையிலிருந்து நேரே எழும்பாமல், ஒருபக்கம் சரிந்து கையை ஊன்றி எழும்புங்கள். முதுகுக்குச் சாய்மானம் வைத்து அல்லது சரிந்து படுத்துப் பால் கொடுங்கள். எதையேனும் தூக்க நேர்ந்தால் முழங்காலை மடித்து, பொருளை உடலோடு அணைத்து, மூச்சை வெளியே விட்டபடி தூக்குங்கள். மத்தியானத்தில் சற்று நேரம் இடுப்பின் கீழ் தலையணை வைத்துப் படுத்தால் கனம் குறையும்.

தசைகளுக்கும் பயிற்சி உண்டு. சிறுநீரையும் காற்றையும் அடக்குவது போல அடித்தசையை உள்ளே இழுத்து, 3 முதல் 5 செக்கன் வைத்திருந்து, அதேயளவு நேரம் தளர விடுங்கள். மூச்சை அடக்கவோ, தொடையை இறுக்கவோ வேண்டாம். ஒரு தடவைக்கு 8 முதல் 10 வரை, நாளுக்கு 3 தடவை செய்து, மெல்ல மெல்ல 10 செக்கன் வரை கூட்டலாம். சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்யக் கூடாது. பலன் தெரிய மூன்று நான்கு மாதம் செல்லும். பொறுமை வேண்டியது இங்கேதான். கீரை, பப்பாளி, போதிய தண்ணீர் ஆகியன மலச்சிக்கலைத் தடுக்கும். பத்தியம் என்று சொல்லித் தண்ணீரைக் குறைக்காதீர்கள். வயிற்றை மிக இறுக்கிக் கட்டுவதையும் தவிர்க்க வேண்டும். அது பாரத்தைக் கீழே தள்ளும்.

இலேசான இறக்கத்துக்கு இவை பெரிதும் உதவும். கருப்பை வெளியே வந்துவிட்டால் பயிற்சி மட்டும் போதாது. உள்ளே வைக்கும் வளையம் உண்டு, சத்திரசிகிச்சையும் உண்டு. சிறுநீர் போகாமல் தடைப்பட்டால், இரத்தம் கசிந்தால், புண்ணோ காய்ச்சலோ வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மற்றவர்கள் முதலில் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அவருக்கு இது புதிய கதையன்று.

நேபாளத்தின் மலைக்கிராமங்களிலும், பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே விறகும் புல்லும் சுமக்கும் கமக்காரப் பெண்கள் பலருக்கு இந்நோய் உண்டு. 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இதைக் கவனியாது விடுவது பெண்களின் உரிமையை மீறுவதாகும் எனத் தீர்ப்பளித்து, பரிகாரம் தேடுமாறு அரசைப் பணித்தது. அப்படியிருக்க, நாம் மட்டும் இதைப் பெண்ணின் தலைவிதி என்று சொல்லிக் கொண்டிருக்கலாமா?

பாரம் தூக்காதே என்று அவளுக்குச் சொல்வது இலகு. அந்தக் குடத்தை அன்று யார் தூக்குவது என்பதே எமது கேள்வி. கணவன்மாரே, அது உங்கள் வேலை. கணவன் இல்லாத வீடுகளில் அயலவரும் பங்கு இளைஞரும் முறைவைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கலாம். மாமியார்மாரே, நீங்கள் படாத பாட்டை மருமகளும் படவில்லை என்று சொல்லாமல், நீங்கள் பட்டதை அவள் படாதிருக்கச் செய்யுங்கள்.

மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் 12 வருடம் இரத்தப்போக்கினால் வருந்திய பெண் ஒருத்தி வருகின்றாள். கூட்டத்தின் நடுவே நடுங்கியபடி தன் நோயைச் சொன்ன அவளை இயேசு கடிந்துகொள்ளவில்லை. மகளே என்று அழைத்தார். எமது வீடுகளிலும் ஒரு பெண் வாய் திறந்து சொல்லும்போது அவளுக்குக் கிடைக்க வேண்டிய பதில் அதுவே. அதற்குப் பின், நாம் எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவோம்.