உழைப்பைப் படம் பிடிப்போம்

1908 டிசம்பரில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துப் பஞ்சாலை ஒன்றில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று உண்டு. நூற்பு இயந்திர வரிசையின் ஓரத்தில் ஒரு சிறுமி நிற்கிறாள். அவள் உயரம் 51 அங்குலம், நான்கு சைடு பார்க்கிறாள், சில நாள் இரவு வேலையும் உண்டு, தினக்கூலி 48 சென்ட் என்று படத்தோடு குறிப்பும் இருக்கிறது. கோவை, திண்டுக்கல் மில் தொழிலாளிகளுக்கு ‘சைடு’ என்றால் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை.

எடுத்தவர் லூயிஸ் ஹைன், பள்ளி ஆசிரியராக இருந்தவர். தேசியக் குழந்தைத் தொழிலாளர் கமிட்டி அவரை ஆலை ஆலையாக அனுப்பியது. முதலாளிகள் உள்ளே விடுவார்களா? பைபிள் விற்பவன் என்றும், இயந்திரங்களைப் படமெடுக்க வந்தவன் என்றும் சொல்லி நுழைந்தார். தம் சட்டைப் பொத்தான்கள் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று முன்பே அளந்து வைத்திருந்தார். பக்கத்தில் குழந்தை வந்து நின்றால் உயரம் தெரிந்துவிடும். வயதையும் கூலியையும் பைக்குள் கையை விட்டபடியே குறித்துக்கொண்டார். இப்படிச் சேர்ந்தவை 5,000 படங்களுக்கு மேல். ‘வயது வந்த பெண்தான்’ என்று முதலாளி புளுகினால், படமும் குறிப்பும் எதிர்ச்சாட்சி சொல்லின.

அதைக் கண்டு ஆளும் வர்க்கத்தின் நெஞ்சம் இளகிவிடவில்லை. 1916இல் வந்த சட்டத்தை 1918இல் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. பெரும் வேலைநிறுத்தங்களால் தொழிற்சங்கங்கள் பலம் பெற்ற பிறகு, 1938இல்தான் நிலைத்து நின்ற சட்டம் வந்தது. ஹைன் 1940இல் வறுமையில் மாண்டார்.

நம் நாட்டில் இந்தப் பணியைத் தொடங்கிவைத்த பெருமையில் கம்யூனிஸ்ட் இயக்கத்துக்குப் பங்குண்டு. 1943இல் வங்காளம் பட்டினியால் செத்துக்கொண்டிருக்க, பிரிட்டிஷ் சர்க்கார் உண்மையை மறைத்தது. அன்றைய பொதுச்செயலாளர் பி.சி. ஜோஷி, இளைஞர் சுனில் ஜானாவையும் ஓவியர் சித்தபிரசாத்தையும் கிராமங்களுக்கு அழைத்துச் சென்றார். ஜானாவின் படங்கள் கட்சி வாரப் பத்திரிகையான ‘பீப்பிள்ஸ் வா’ரில் வெளிவந்தன. பின்னர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரையும் விவசாயிகளையும் அவர் படமெடுத்தார்.

பி. சாய்நாத் 1993 முதல் 2002 வரை பத்து மாநிலங்களில் கிராமப் பெண்களின் வேலையைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். செங்கல் சூளை, நாற்று நடவு, கூட்டிப் பெருக்குதல் என்று படத்துக்குப் படம் குனிந்த முதுகுகள். அந்தக் கண்காட்சி பஸ் நிலையங்களிலும் ஆலை வாயில்களிலும் விவசாயத் தொழிலாளர் கூட்டங்களிலும் வைக்கப்பட்டது. படத்தில் இருப்பவரைப் போன்றவர்களே படத்தைப் பார்த்தார்கள். சுருக்கம் விழுந்த கிழவியின் முகத்தைப் பெயரும் கூலியும் இன்றிச் சட்டம் போட்டுப் பரிசு வாங்கும் ‘கலை’க்கும் இதற்கும் வெகுதூரம்!

இதை இப்போது ஏன் எழுதுகிறோம்? 29 தொழிலாளர் சட்டங்களைச் சுருட்டிய நான்கு தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலாகிவிட்டன. ஆய்வாளர் என்ற பதவியின் பெயரில்கூட ‘வசதி செய்து தருபவர்’ என்று வால் ஒட்டியிருக்கிறார்கள். யாருக்கு வசதி? சோதனைக்கு வருபவன் கை கட்டப்படும்போது, பட்டறைக்குள் நடப்பதற்குச் சாட்சி உழைப்பாளியே. கைபேசிக் காமிரா இன்று அவன் சட்டைப் பையில் இருக்கிறது. பல மில்களில் அதை வாயிலிலேயே வாங்கி வைத்துக்கொள்வது காரணமில்லாமல் அல்ல.

கிளைகளிலிருந்து வரும் படங்களிலோ மேடையும் மாலையும் மைக்கும்தான் மிகுதி. தலைவர்களின் முகம் வாசகர்களுக்குத் தெரியும். ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள், மூடியில்லாத பெல்ட், விடுதி அறையில் வரிசையாய் விரித்த பாய், கையுறையின்றிச் சாக்கடையில் இறக்கப்பட்டவர் – இவை வரட்டும். ஊர், தேதி, தொழில், கூலி, வேலை நேரம் ஐந்தையும் உடன் எழுதுங்கள். சம்மதம் கேட்டு எடுங்கள். வேலை பறிபோகும் அபாயம் இருந்தால் முகம் வேண்டாம், கையும் இயந்திரமும் போதும். அச்சானதும் முதல் பிரதி அந்தத் தொழிலாளியின் வீட்டுக்குப் போகட்டும்.