விருது வாங்கிய நாலே மாதத்தில் சிக்கிய சத்யம்: 'நேர்மையான நிறுவனம்' பட்டத்தை எவ்வளவு நம்பலாம்?

பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் முதல் சில பக்கங்களிலேயே விருதுகள் வரிசை கட்டும். சிறந்த நிர்வாகம், நெறிமுறை தவறாத தொழில், வெளிப்படைத்தன்மை... இப்படி. செல்போனிலேயே டீமேட் கணக்கு திறந்து பங்கு வாங்கும் காலம் இது. விருது வாங்கிய கம்பெனி என்றால் ஒரு நம்பிக்கை வரத்தானே செய்யும்? சரி, அந்த விருது எதைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது?

இதைப் புரிந்துகொள்ள ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸை விடப் பொருத்தமான கதை கிடையாது.

2008 செப்டம்பரில், சிறந்த நிறுவன நிர்வாகத்துக்கான 'கோல்டன் பீகாக்' சர்வதேச விருது சத்யத்துக்குக் கிடைத்தது. 2009 ஜனவரி 7-ம் தேதி, நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். செப்டம்பர் மாதக் கணக்கில் ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய் என்று காட்டியிருக்கிறோம். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். அதாவது, நூறு ரூபாய் இருக்கிறது என்று எழுதிய இடத்தில் நிஜமாக இருந்தது ஆறு ரூபாய்தான்! பங்கு விலை ஒரே நாளில் முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது. கொடுத்த விருதையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

விருதுக் குழு ஏமாந்தது எப்படி?

இங்கதான் விஷயமே இருக்கு. இந்த மாதிரி விருதுகளுக்குப் பெரும்பாலும் நிறுவனங்களே விண்ணப்பிக்கின்றன. அமெரிக்காவின் எதிஸ்ஃபியர் அமைப்பு 2007 முதல் வெளியிடும் 'உலகின் மிகவும் நெறிமுறை மிக்க நிறுவனங்கள்' பட்டியலுக்கும் கட்டணம் கட்டித்தான் விண்ணப்பிக்க வேண்டும். டாடா ஸ்டீல், விப்ரோ போன்ற இந்திய நிறுவனங்கள் பலமுறை அந்தப் பட்டியலில் இடம்பிடித்திருக்கின்றன. கட்டணம் வாங்குவதாலேயே விருது போலி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதிகம் பார்க்கப்படுவது ஏற்பாடுகள்: நடத்தை விதிமுறை இருக்கிறதா, தனி இயக்குநர்கள் இருக்கிறார்களா, புகார் சொல்ல வழி இருக்கிறதா?

சத்யத்தில் இதெல்லாமே இருந்தது. ஹார்வர்டு பேராசிரியர், முன்னாள் மத்திய அமைச்சரவைச் செயலாளர் எல்லாம் இயக்குநர் குழுவில் இருந்தார்கள். ஆடிட்டர் பிரைஸ் வாட்டர்ஹவுஸ். அடியில் போலி வங்கி ஆவணங்களும், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட போலி இன்வாய்ஸ்களும் இருந்ததைப் பின்னர் சிபிஐதான் தோண்டி எடுத்தது. விருதுக் குழுவுக்கு சோதனை போடும் அதிகாரம் கிடையாது. கொடுத்த தாள்களைத்தான் அது படிக்க முடியும்.

அப்போ அறிகுறியே தெரியலையா?

தெரிந்தது. விருது கிடைத்த அதே செப்டம்பர் முதல், உலக வங்கி தன் ஒப்பந்தங்களிலிருந்து சத்யத்தை 8 ஆண்டுகளுக்கு விலக்கி வைத்திருந்தது. வங்கி ஊழியர்களுக்கு முறைகேடான சலுகைகள் கொடுத்தார்கள் என்பது புகார். இது வெளியே உறுதியானது டிசம்பரில்தான். அதே டிசம்பர் 16-ம் தேதி, ராஜு குடும்பத்தின் இரண்டு மேய்டாஸ் நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்க சத்யம் இயக்குநர் குழு ஒப்புதல் தந்தது. (சத்யம் என்பதை ஆங்கிலத்தில் திருப்பி எழுதினால் மேய்டாஸ். ஒளிக்கக்கூட இல்லை!) சாஃப்ட்வேர் கம்பெனிக்கு ரியல் எஸ்டேட் எதற்கு என்று முதலீட்டாளர்கள் கொந்தளிக்க, சில மணி நேரத்தில் அந்த முடிவு வாபஸ் ஆனது. இல்லாத பணத்தை நிஜ சொத்தால் நிரப்பும் கடைசி முயற்சி அது என்று பின்னர் கடிதத்தில் ராஜுவே எழுதினார்.

இன்னொன்று, சத்யத்தில் ராஜு குடும்பத்தின் பங்கு ஒற்றை இலக்க சதவீதத்துக்குக் குறைந்திருந்தது. அதையும் அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தார்கள். இது சாதாரண முதலீட்டாளருக்குத் தெரிய அன்று வழியில்லை. சத்யம் வெடித்த பிறகு, 2009 ஜனவரியில்தான் அடமானப் பங்குகளை வெளியிட வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியது.

இன்று ஒவ்வொரு காலாண்டும் அந்த விவரம் பிஎஸ்இ, என்எஸ்இ இணையதளங்களில் வருகிறது. எங்களைக் கேட்டால், விருதுப் பக்கத்தைத் தாண்டி முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். அடுத்து, குடும்ப நிறுவனங்களோடு நடக்கும் கொடுக்கல் வாங்கல். ஆடிட்டரோ தனி இயக்குநரோ பாதியில் ராஜினாமா செய்தால், காரணத்தையும் படியுங்கள். 'சொந்தக் காரணம்' என்று ஒற்றை வரியில் முடித்திருந்தால் இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம். 2022-23 முதல், சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு பற்றிய அறிக்கையும் தர வேண்டும். அதையும் நிறுவனமே எழுதுகிறது என்பது ஞாபகம் இருக்கட்டும்.

பணம் போனவர்களுக்கு என்ன கிடைத்தது?

2015-ல் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜுவுக்கு 7 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அடுத்த மாதமே தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீன் கிடைத்தது. அமெரிக்காவில் முதலீட்டாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கில் சத்யம் 12.5 கோடி டாலரும், ஆடிட்டர் தரப்பு 2.55 கோடி டாலரும் தர ஒப்புக்கொண்டன. இங்குள்ள சிறு முதலீட்டாளர்களுக்கு அப்படிக் கூட்டு வழக்குப் போட அன்று சட்டத்தில் இடமே இல்லை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 245-வது பிரிவாக அந்த உரிமை வந்து, 2016-ல் அமலானது. 100 பங்குதாரர்கள் சேர்ந்தால், நிறுவனத்தின் மீது மட்டுமல்ல, ஆடிட்டர் மீதும் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.