இறைமக்கள் யார், பொதுநிலையினர் யார்?

"குருக்களும், கன்னியரும், இறைமக்களும் திரளாக வருக" என்று திருவிழா அறிவிப்புகளில் வாசிப்பது வழக்கமாகிவிட்டது. பரவையிலும் கேட்டிருக்கிறோம். வாசிப்பவர் நல்லெண்ணத்தோடுதான் வாசிக்கிறார். ஆயினும் அச்சொற்களின்படி குருக்களும் கன்னியரும் இறைமக்கள் அல்லர் என்றாகிறதே!

இறைமக்கள் என்பது திருமுழுக்குப் பெற்ற அனைவருக்கும் உரிய பெயர். திருத்தந்தையும் இறைமக்களுள் ஒருவரே. 1964-ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டில் இறைமக்களைப் பற்றிய அதிகாரம் இரண்டாவது. ஆயர்களைப் பற்றியது மூன்றாவது. பொதுநிலையினரைப் பற்றியது நான்காவது. முந்தைய வரைவில் ஆயர்களே முன்னே நின்றனர். சங்கத் தந்தையர் ஆய்ந்து அவ்வரிசையை மாற்றினர். நம் பெரியோர் வழங்கிய 'விசுவாசிகள்' என்னும் சொல்லும் அனைவரையுமே குறிக்கும்.

அவ்விறைமக்களுள் குருப்பட்டமோ துறவற வார்த்தைப்பாடோ பெறாதவரே பொதுநிலையினர். கிரேக்க மொழியில் மக்களைக் குறிக்கும் 'லாவோஸ்' என்னும் சொல்லினின்று பிறந்த பெயர், ஐரோப்பிய மொழிகளில் நாளடைவில் 'விவரம் அறியாதவர்' என்ற பொருளையும் ஏற்றுக்கொண்டது. நம்மவர் 'பாமரர்' என்று பெயர்க்காமல் 'பொதுநிலையினர்' என்றது நற்பேறு.

கன்னியர் எப்பக்கம்? 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டப்படி திருப்பட்டம் பெற்றோர், பெறாதோர் என இரண்டாகப் பிரித்தால் அவர்கள் நம் தாய்மாரோடு நிற்பர். சங்க ஏடோ பொதுநிலையினரை விளக்குமிடத்துத் துறவியரைத் தனியே வைக்கிறது. குருமட மாணவரோ, வெள்ளை அங்கி அணிந்திருப்பினும், திருத்தொண்டர் பட்டம் பெறும்வரை பொதுநிலையினரே.

"நாங்கள் சாதாரண மக்கள்தாமே, சாமி" என்று ஒதுங்குவோர்க்கு ஒன்று கூறுவோம். பச்சிளங்குழந்தை உயிருக்குப் போராடும் வேளையில் குருவைத் தேடி ஓடிக் காலந்தாழ்த்த வேண்டியதில்லை. அருகிருக்கும் எவரும், திருச்சபையின் கருத்தோடு, தலையில் நீர் ஊற்றி, தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் திருமுழுக்குக் கொடுக்கலாம். அது முழுமையான திருமுழுக்கே.

2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் யார்? 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். மனைவியோடு இல்லறம் நடத்தியவர். 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவர் குருவுமல்லர், துறவியுமல்லர்.

அடுத்த திருவிழா அறிவிப்பை எழுதும் அன்பர்கள், "குருக்கள், துறவியர், பொதுநிலையினர் ஆகிய இறைமக்கள் அனைவரும் வருக" என்று எழுதட்டும். இரண்டு சொற்களே கூடும்.