புறாத்தீவுக்குப் போக முதல் மிதக்கப் பழகுவோம்



இரண்டாம் தவணைச் சுற்றுலா இந்த முறை புறாத்தீவுக்கு என்று வகுப்பெல்லாம் ஒரே கதை. விருப்பமானவர்கள் கை உயர்த்துங்கோ என்று சொன்னபோது எங்கள் வகுப்பில் இருந்த அத்தனை பேரும் உயர்த்தினோம். நானும் உயர்த்தினேன். வீட்டுக்குப் போன பிறகுதான் யோசித்தேன், நான் ஏன் உயர்த்தினேன் என்று. ஏனென்றால் நான் ஏற்கனவே ஒருதரம் அங்கே போய் ஒரு பிழை செய்துவிட்டு வந்தவள். அதை இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. இப்போது சுவரிலேயே எழுதி ஒட்டுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள்.

புறாத்தீவு எங்கே இருக்கிறது என்று திருகோணமலைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் எழுதி விடுகிறேன். நகரத்தில் இருந்து வடக்கே ஏறக்குறைய 15 கிலோமீற்றரில் நிலாவெளி. அந்தக் கரையில் நின்று பார்த்தால் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் பாறையும் பற்றையுமாகத் தெரிவதுதான் தீவு. உண்மையில் அது ஒன்றல்ல, பெரியது ஒன்றும் சின்னது ஒன்றுமாக இரண்டு. மாடப்புறாக்கள் அந்தப் பாறைகளில் கூடு வைப்பதால் அந்தப் பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே துவக்குச் சுட்டுப் பழகினார்களாம். 1963 இல் அதைச் சரணாலயம் ஆக்கினார்கள், 2003 இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். திருகோணமலைக் கடலில் ஏறக்குறைய 100 வகை முருகைக்கல்லும் 300 வகை மீனும் கணக்கெடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் நிறைய இந்தத் தீவைச் சுற்றியே இருக்கின்றன. அப்படி ஒரு சொத்தை வைத்துக்கொண்டு நாங்கள் சுற்றுலாவுக்கு நுவரெலியாவையே சுற்றிக்கொண்டு திரிகிறோம்!

நான் போனது ஆவணி விடுமுறையில், வெளிநாட்டில் இருந்து வந்த மாமா குடும்பத்தோடு. போட்டில் ஏறும்போதே எல்லோருக்கும் லைஃப் ஜக்கெற் தந்தார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தீவுக்குப் போய்விட்டோம். இறங்கினால் காலுக்குக் கீழே மணலை விட முருகைக்கல் துண்டுதான் அதிகம். நடக்கும்போது கிளிங் கிளிங் என்று பீங்கான் சத்தம். கண்ணையும் மூக்கையும் மூடுகிற கண்ணாடி ஒன்று, வாயில் கடித்துக்கொண்டு மூச்சு விடுகிற குழாய் ஒன்று. அவ்வளவுதான் ஸ்நோர்க்கலிங். போட்டுக்கார அண்ணா தெளிவாகத்தான் சொன்னார்: "தங்கச்சி, கல்லில கால் வச்சிராதீங்கோ. அது உயிருள்ள சாமான்." நானும் "சரி அண்ணா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

தலையைத் தண்ணீருக்குள் வைத்தேன். அதை எப்படிச் சொல்வது? நான் தெருவால் போகும்போது பார்த்த கடல் இதுதானா என்று இருந்தது. மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட மீன்கள் என் கையைச் சுற்றி வந்தன. பச்சையும் நீலமுமாக ஒரு கிளிமீன் கல்லைக் கடிக்கிற சத்தம் காதுக்குக் கேட்டது. மான் கொம்பு மாதிரிக் கிளை கிளையாக முருகை. தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்று நழுவிப் போனது. கறுப்புச் செட்டைச் சுறா அங்கே சாதாரணம், மனிதரைக் கண்டால் அதுதான் ஓடும் என்று அண்ணா முதலே சொல்லியிருந்தார். ஆனால் அந்த நேரம் எனக்கு அது ஞாபகம் வரவேண்டுமே! பயத்தில் குழாய்க்குள் தண்ணீர் போய்விட்டது. உப்புத் தண்ணீர் தொண்டைக்குள் போனதும் என்னுடைய கால் என்னைக் கேட்கவில்லை. தானாகவே கீழே போய் எதிலோ ஊன்றிக்கொண்டது. 'டக்' என்று ஒரு முறிவு. கால் வழியாகவே அது எனக்குத் தெரிந்தது. எழுந்து நின்று இருமினேன், கண்ணாடியைச் சரி செய்தேன், திரும்பக் குனிந்து பார்த்தேன். ஒரு முழக் கிளை முறிந்து கிடந்தது. முறிந்த இடம் மட்டும் வெண்கட்டி மாதிரி வெள்ளை.

வீட்டுக்கு வந்துதான் தேடி வாசித்தேன். கிளை விடுகிற முருகை நல்ல கடலில் வருடத்துக்கு 10 சென்ரிமீற்றர் வரை வளரலாம். உருண்டையாகப் பாறை போல் வளர்கிற வகை வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிய காரியம். நான் முறித்ததற்குப் பக்கத்தில் ஆட்டுக்கல் அளவில் ஒன்று இருந்தது. அதற்கு என் வயதை விடக் கூட இருக்கும். நல்ல காலம், அதில் நான் ஏறவில்லை. ஆனால் மற்றவர்கள் ஏறி நின்றதைக் கண்டேன். ஒருவர் கண்ணாடி துடைக்க நின்றார், ஒருவர் படம் எடுக்க நின்றார், ஒரு அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் "சரி அண்ணா" சொல்லிவிட்டு இறங்கியவர்கள்தான்.

என் கருத்து இங்கேதான் வருகிறது. "முருகைக்கல்லில் கால் வைக்காதீர்கள்" என்று பலகை எழுதி வைப்பதால் மட்டும் பிரயோசனம் இல்லை. நீந்தத் தெரியாதவனுக்கு அந்தச் சட்டம் பாடமாக்கின செய்யுள் மாதிரி, பயம் வந்தவுடன் மறந்து போகும். லைஃப் ஜக்கெற் உயிரைக் காக்கும், அதைக் கழற்றச் சொல்லவில்லை. ஆனால் பழக்கமில்லாதவன் அதைப் போட்டால் தலை மேலேயும் கால் கீழேயுமாக நிமிர்ந்துதான் நிற்பான். கால் தொங்குகிற இடத்தில் முருகை. அதோடு ஒளிமுறிவுப் பாடத்தை நினைத்துப் பாருங்கள். தண்ணீருக்குள் கண்ணாடியால் பார்க்கும் பொருள் உண்மையான தூரத்தில் முக்கால்வாசியில் இருப்பது போலத் தெரியும். கல் முழங்காலில் முட்டுகிறது என்று நினைத்து உதைக்கிறோம். குப்புறப் படுத்து, காலை நீட்டி, அசையாமல் மிதக்கத் தெரிந்தால் இதில் ஒன்றும் நடக்காது. உப்புத் தண்ணீர் எங்களைத் தாங்கத்தான் செய்யும், நாங்கள் அதை நம்பினால்.

"அப்ப தீவையே பூட்டி விட வேண்டியதுதானே?" என்று என் சிநேகிதி கேட்டாள். தாய்லாந்தில் மாயா விரிகுடாவை அப்படித்தான் 2018 இல் பூட்டினார்கள். 2022 இல் திறந்தபோது ஆட்களைக் கணக்குப் பார்த்துத்தான் விட்டார்கள். அங்கே சுறாக்கள் திரும்பி வந்தன. ஆனால் எங்கள் கரையில் போட் ஓட்டுகிறவர்களுக்கு வைகாசி தொடங்கி புரட்டாதி வரை கடல் அடங்கிக் கிடக்கிற அந்தச் சில மாதம்தான் உழைப்பு. பூட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஹவாயில் ஹனௌமா விரிகுடாவுக்குப் போகிறவர்கள் முதலில் உட்கார்ந்து ஒரு படம் பார்த்துவிட்டுத்தான் கடலுக்கு இறங்க வேண்டும். 2002 இல் இருந்து அப்படி. படம் காட்டுவது நல்லதுதான். நான் கேட்பது அதற்கும் ஒரு படி மேலே.

இன்னொரு தம்பி, கெட்டிக்காரன், வேறு கேள்வி கேட்டான்: "கடல் சூடாகித்தானே முருகை வெளிறிச் சாகுது? உங்கட கால் ஒண்டு என்ன செய்யப் போகுது?" சரிதான். 1998 இல் கடல் சூடாகி ஹிக்கடுவைப் பக்கம் பெருமளவு செத்தது, எங்கள் பக்கம் தப்பியது. 2024 இல் உலகம் முழுவதும் நான்காவது தடவையாகப் பெரிய வெளிறல் நடக்கிறது என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். ஆனால் வெளிறிய முருகை உடனே சாவதில்லை தம்பி. தண்ணீர் குளிர்ந்தால் அது தேறலாம். காய்ச்சல்காரனுக்கு மேலே ஏறி நிற்காமல் இருப்பதாவது எங்கள் கையில், இல்லை, காலில் இருக்கிறதல்லவா?

சரி, கடலுக்குப் பக்கத்தில் பிறந்த எங்களுக்கு ஏன் நீந்தத் தெரியாது? இதை எழுதத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. 2004 மார்கழி 26 இல் எங்கள் வகுப்பில் ஒருவரும் பிறந்திருக்கவில்லை. ஆனால் அந்த நாள் எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அம்மா இப்போதும் கடற்கரையில் கடலுக்கு முதுகு காட்டி இருக்க மாட்டா. என்னைக் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க விட்டதில்லை. மாமாவோடு போனபோது கூட "மணலில இருந்து பார்" என்றுதான் அனுப்பினவ. பொம்பிளைப் பிள்ளைகள் என்றால் இன்னும் ஒரு படி. "உனக்கு என்னத்துக்கு நீச்சல்?" என்று கேட்காத வீடு எது? எனக்கு அம்மாவில் கோபமில்லை. ஆனால் தண்ணீருக்குப் பயந்த பிள்ளைக்கு முகக் கண்ணாடியைக் கொடுத்து முருகைக்கு மேல் இறக்கி விட்டால், பிள்ளைக்கும் ஆபத்து, முருகைக்கும் ஆபத்து.

ஆகவே ஆசிரியர்களிடம் தாழ்மையாகக் கேட்கிறேன். சுற்றுலாவை நிறுத்த வேண்டாம். அதற்கு முன் மூன்று சனிக்கிழமை காலையில், கடல் அடங்கியிருக்கும் நாளில், கல் இல்லாத மணல் கரையில், இடுப்பளவு தண்ணீரில் எங்களுக்கு மிதக்கப் பழக்குங்கள். நீந்தத் தெரிந்த ஆசிரியைகளும் கூட வந்தால் பெண் பிள்ளைகளை வீட்டில் விடுவார்கள். இரண்டு நிமிடம் குழாயால் மூச்சு விட்டுக்கொண்டு, காலை ஊன்றாமல் குப்புறக் கிடக்க முடிந்தவர்கள் மட்டும் தீவில் தண்ணீருக்குள் இறங்கட்டும். முடியாதவர்களும் வரட்டும், கரையில் இருந்து புறாவைப் பார்க்கட்டும். என்னால் முடியாமல் போனால் நானும் அவர்களோடு கரையில் இருக்கிறேன். வெயிலுக்குப் பூசுகிற கிறீம் வேண்டாம். அதில் சில வகை முருகைக்குக் கேடு என்று ஹவாயில் 2021 இல் இருந்து விற்கவே தடை. நீளக் கைச் சட்டை போதும், எப்படியும் எங்களை அதோடுதானே விடப்போகிறார்கள்.

இந்தத் தாளின் அடியில் இடம் விட்டிருக்கிறேன். மிதக்கப் பழக விரும்புகிறவர்கள் பெயரையும் வகுப்பையும் எழுதுங்கள், பென்சில் நூலில் கட்டித் தொங்குகிறது. முதல் பெயர் என்னுடையது. அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அவவே வந்து வாசிக்கட்டும் என்றுதான் இதை வாசல் பக்கச் சுவரில் ஒட்டச் சொன்னேன்.

- தரம் 10 மாணவி