பெரிய முதலாளி வாங்கினார், நாமும் வாங்கலாமா?

திருச்சி காட்டூரில் ஒரு டீக்கடை. பாய்லர் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்:

"தம்பி! இந்தக் கம்பெனிப் பங்கைப் பெரிய கோடீசுவரர் வாங்கி இருக்கிறார். மகள் கல்யாணத்துக்கு வைத்த 2 லட்சத்தை நானும் அதிலே போடப் போகிறேன்."

"எப்போது வாங்கினாராம்?" என்று கேட்டேன்.

"பேப்பரில் வந்திருக்கிறதே!"

"எப்போது விற்பாராம்?"

பெரியவர் பேசவில்லை.

சங்கதி இதுதான். 1 சதவிகிதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவர்களின் பெயரைக் கம்பெனி 3 மாதத்துக்கு ஒரு முறை வெளியிட வேண்டும். அதற்கும் 21 நாள் அவகாசம் உண்டு. ஏப்ரல் 1-ந்தேதி முதல் அவர் சிறுகச் சிறுக வாங்கினாலும், நமக்கு ஜூலை 21-ந்தேதிதான் தெரியலாம். அதற்குள் விலை ஏறி இருக்கலாம். அவர் விற்றாலும் இதே தாமதம்தான்!

ராகேஷ் ஜுன்ஜுன்வாலாவைத் தெரியுமல்லவா? 1985-ல் 5 ஆயிரம் ரூபாயுடன் தொடங்கியவர். ஓசூரில் தொழிற்சாலை உள்ள டைட்டன் கம்பெனியின் பங்குகளை 2002-03-ல் வாங்கத் தொடங்கினார். 2022-ல் இறக்கும் வரை அந்தப் பங்குகள் அவர் கையில் இருந்தன. கொரோனா நேரத்தில் விலை சரிந்தபோதும் அவர் ஒதுங்கிவிடவில்லை. அவர் வாங்கியதை நாமும் வாங்கலாம். அவருடைய பொறுமையை எந்தக் கடையில் வாங்குவது?

பெரியவர்களுக்கும் கணக்குத் தப்பும். அமெரிக்காவின் வாரன் பபெட் தலைமையில் இருந்த நிறுவனம் 2018-ல் பேடிஎம்மில் பணம் போட்டது. 2021-ல் அந்தப் பங்கு 2,150 ரூபாய்க்குப் பொதுமக்களுக்கு வந்தது. 2023 நவம்பரில் பபெட் நிறுவனம், மீதிப் பங்குகளைச் சுமார் 877 ரூபாய்க்கு நஷ்டத்தில் விற்று வெளியேறியது. அவர் பெயரை நம்பி 2,150 கொடுத்தவர் கதி?

யானை படுத்தாலும் குதிரை மட்டம். அவருக்கு ஒன்று போனால் ஒன்பது இருக்கும். நமக்கு?

பங்கே வாங்காதே என்று நான் சொல்லவில்லை. கம்பெனி என்ன செய்கிறது, லாபம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். ஐந்தாறு வருஷம் தேவைப்படாத பணத்தை மட்டும் போடுங்கள். கல்யாணப் பணம் பாங்கிலோ தபால் ஆபீசிலோ இருக்கட்டும்.

விலை ஏறும் வரை கோடீசுவரர் காத்திருப்பார். முகூர்த்த நாள் காத்திருக்குமா?